சம்பளமில்லாத டிரைவர்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா செய்யவும் வழி கிடையாது. முதலாளி பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி, "அம்மா, வீ ஆர் லேட்" என்பாள். லேட்டானதற்குக் காரணமே முதலாளியின் ஒரு பக்கத்துச் சாக்ஸ் காணாமல் போனதுதான். அதை நான் எடுத்துச் சொன்னால், "ஓகே அம்மா, சில்" என்று பதில் வரும்.

நாங்கள் இருக்கிற கலிபோர்னியாவின் பிளசன்டனில் வண்டி இல்லாமல் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்க முடியாது. பள்ளிக்கூடம் ஒரு பக்கம். பரதநாட்டியம் ஃப்ரீமான்ட்டில், வயலின் சான் ரமோனில், நீச்சல் டப்ளினில். இவற்றில் ஏதாவது ஒன்றையாவது நம் தெருவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "பெஸ்ட் டீச்சர் அங்கதான் இருக்காங்க" என்றார் என் கணவர். பெஸ்ட் டீச்சர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஆளுக்கொரு ஃப்ரீவே தள்ளித்தான் குடியிருந்தார்கள்.

வகுப்பு நடக்கிற நேரத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. போனால் வாசலைத் தொட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதனால் பார்க்கிங் லாட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். என் முப்பதுகள் முழுக்கப் பார்க்கிங் லாட்டில் கழிந்தன. வெயிலுக்குக் கண்ணாடியை இறக்கி, குளிருக்கு ஏற்றி, டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். சுற்றிலும் அதே மாதிரி வேன்கள், அதே மாதிரி டப்பாக்கள். ஒரு வேனில் பல் டாக்டருக்குப் படித்தவள் இருப்பாள். பக்கத்து வேனில் ஒரு காலத்தில் பாலம் கட்டிய சிவில் என்ஜினியர். கண்ணாடி வழியாக ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்வோம். அந்த வரிசையில் இருந்தவர்களை வைத்து ஒரு சின்ன ஊரையே நடத்தியிருக்கலாம்.

நான் பி.ஃபார்ம். படித்தவள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலை பார்த்தேன். என் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு ஊசி மருந்து வார்டுக்குப் போகாது. பிறகு கல்யாணம், விசா, விமானம். நான் வந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. வேலை பார்க்கலாம் என்று கிரீன் கார்டு வந்து சேர்ந்தபோது முதலாளி வயலினைக் கையில் எடுத்திருந்தாள். இங்கே மறுபடி பார்மசிஸ்ட் ஆக வேண்டுமென்றால் தலை நரைக்கும்வரை பரீட்சை எழுத வேண்டும். அதற்கு ஒருபடி கீழே இருக்கிற பார்மசி டெக்னீஷியன் லைசென்ஸுக்குப் படித்துத் தேறினேன். எங்கே உட்கார்ந்து படித்தேன் என்று கேட்காதீர்கள். டப்ளின் நீச்சல் குளத்துப் பார்க்கிங் லாட்டுக்குத் தெரியும்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையும் கிடைத்தது. மதியம் தொடங்கி இரவில் முடிகிற ஷிஃப்ட். ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும், அதற்குமேல் காத்திருக்க மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என் மகளுக்கு டிசம்பர் கடைசியில் பதினாறு வயது. கலிபோர்னியாவில் அந்த வயதில் லைசென்ஸ் கிடைக்கும். ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே லர்னர்ஸ் பர்மிட் வாங்கியிருக்க வேண்டும். பர்மிட்டுக்கு எழுத்துத் தேர்வு. தேர்வு எழுத வேண்டுமென்றால் ஆன்லைனில் டிரைவர் பாடம் படித்து முடித்த சர்டிபிகேட். ஆக, ஜூன் மாதத்துக்குள் அவள் கையில் பர்மிட் இருந்தால் ஜனவரியில் என் கையில் வேலை இருக்கும். ஒரு வாரம் தள்ளிப்போனால் நான் பழையபடி எலுமிச்சை சாதம்.

இதை நான் கரடியாகக் கத்திப் பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் யார் காதிலும் ஏறவில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவருகிற ஒரு பாட்லக் விருந்தில், என் கணவரோடு வேலை பார்க்கிற ஒருவர் கையில் மெதுவடையோடு எனக்கு எதிர்காலத்தை விளக்கினார்.

"எதுக்குங்க இப்ப லைசென்ஸ்? இன்னும் ரெண்டு வருஷம். கார் தானே ஓட்டிக்கும்."

என் மகள் டயப்பரில் இருந்த காலத்திலிருந்து இவர்கள் இந்த இரண்டு வருஷத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்தக் கார் வர்ற வரைக்கும் மூணு மணிக்கு நீங்க வந்து என் பொண்ண ஸ்கூல்லேர்ந்து பிக்கப் பண்ணிக்கறீங்களா?" என்று கேட்டேன். அவருக்குத் திடீரென்று சட்னி வேண்டியிருந்தது, சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

என் கணவர் நல்லவர்தான். சும்மா சொல்லக்கூடாது, டிரைவர் பாடத்துக்கு நான் கேட்ட அன்றைக்கே அவரே பணம் கட்டினார், அவரே பதிவும் செய்தார். இங்கேதான் எங்கள் ஊர் ஆண்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவர்களுக்கு ஃபார்ம் என்றால் ஒரு வெறி. எல்லாம் விசா காலத்தில் வந்த வியாதி. ஒரு எழுத்து மாறினால், ஒரு தேதி இடித்தால், மூட்டையைக் கட்டிக்கொண்டு மீனம்பாக்கத்தில் போய் இறங்க வேண்டும் என்று நடுங்கி நடுங்கி ஃபார்ம் நிரப்பிய வருஷங்கள் அவை. பிறகு பயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பள்ளிக்கூட ஃபார்ம், பல் டாக்டர் ஃபார்ம், என் ஜிம் ஃபார்ம் எதுவானாலும், "நீ தப்பாப் போடுவ, எங்கிட்ட குடு" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். நிரப்பி முடித்ததும் கையெழுத்துப் போட மட்டும் என்னைக் கூப்பிடுவார். டிரைவர் பாடத்துக்கும் அப்படித்தான். மகள் நீச்சலுக்குப் போயிருந்த நேரத்தில் உட்கார்ந்து அத்தனை கட்டத்தையும் நிரப்பி அனுப்பிவிட்டார்.

அந்தப் பாடம் இருக்கிறதே, அது ஒரு தனிக் கூத்து. கண் முளைத்த ஒரு கார்ட்டூன் கார் வந்து, குடித்துவிட்டு ஓட்டாதே, போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டாதே என்று கொஞ்சு குரலில் உபதேசம் செய்யும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கடிகாரம். அது ஓடி முடியாமல் அடுத்த பக்கம் போக முடியாது. என் மகள் கடிகாரத்தை ஓடவிட்டு நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பாள். போதாக்குறைக்கு, பாதி கற்றவுடன் எனக்கே வாத்தியாராகிவிட்டாள். "அம்மா, ஸ்டாப் சைன்ல நீ ஃபுல்லா ஸ்டாப் பண்ணல. தட்ஸ் அ ரோலிங் ஸ்டாப்." இத்தனை வருஷம் அந்த ரோலிங் ஸ்டாப்பில்தான் மகாராணி டைமுக்கு வகுப்புக்குப் போனாள் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

வேறு யாராவது அவளுக்காக உட்கார்ந்து பாடத்தைப் படித்துவிடக் கூடாதாம். அதனால் நடுநடுவே பாடம் சட்டென்று நின்று, நீ நீதானா என்று ஒரு கேள்வி கேட்கும். பதிவு செய்தபோது கொடுத்த பதிலையே திரும்பச் சொல்ல வேண்டும். முதல் கேள்வி, பிடித்த உணவு. அவள் ராமென் நூடுல்ஸ் என்று அடித்தாள். தப்பு என்றது கம்ப்யூட்டர். அவள் மாடிப்படியில் நின்று கத்தினாள்.

"அப்பா! வாட்ஸ் மை ஃபேவரிட் ஃபுட்?"

"கர்ட் ரைஸ்!" என்று ஆபீஸ் அறையிலிருந்து பதில் வந்தது.

"ஐ ஹேட் கர்ட் ரைஸ்!"

"சின்ன வயசுல நல்லா சாப்பிட்டியேம்மா!"

சாப்பிட்டது அவர். தட்டில் அவள் மிச்சம் வைத்ததையும் சேர்த்துச் சாப்பிட்டவர் அவர்.

பிடித்த நிறம் நீலமாம். கிண்டர்கார்டனில் அவளுக்கு இவர் வாங்கிக் கொடுத்த பையின் நிறம் அது. நெருங்கிய தோழி என்ற இடத்தில், இரண்டாம் வகுப்போடு டெக்ஸாஸுக்குப் போய்விட்ட ஒரு பெண்ணின் பெயர். என்னவாக ஆசை என்ற கேள்விக்கு இதய டாக்டர் என்று எழுதியிருந்தார். என் மகள் காய் நறுக்கும்போது விரலில் ரத்தம் வந்தாலே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவள். தான் யாரென்று தெரிந்துகொள்ள ஒரு பெண் ஒவ்வொரு தடவையும் மாடிப்படியில் நின்று அப்பாவைக் கூப்பிட வேண்டியிருந்தது.

முதலில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் போகப்போகப் பிடித்துக்கொண்டாள். என்ன பதில் என்று யோசிக்காமல், அப்பா என்ன நினைத்திருப்பார் என்று யோசித்து அடிக்கத் தொடங்கினாள். தயிர் சாதம் சாப்பிட்டு, நீலப் பை மாட்டிக்கொண்டு, இதய டாக்டர் ஆகப்போகிற ஒரு பெண் அவர் தலைக்குள் சமர்த்தாக வளர்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணாக நடித்து என் மகள் பாடம் பாடமாகத் தாண்டினாள்.

ஜூன் கடைசி வியாழக்கிழமை, லைசென்ஸ் கொடுக்கிற டி.எம்.வி. அலுவலகத்தில் எழுத்துத் தேர்வுக்கு நேரம் வாங்கியிருந்தேன். அதை விட்டால் அடுத்தது ஆகஸ்டில்தான் காலி. அதற்கு முந்தின வாரம் என் கணவர் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போனார். திங்கள்கிழமை சாயங்காலம் மகள் கடைசிப் பாடத்தில் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கார்ட்டூன் கார் பாதி வார்த்தையில் நின்றது.

"அம்மா, இட் வாண்ட்ஸ் யுவர் ஆக்குபேஷன்."

"என் தொழிலா? அது எதுக்கு அதுக்கு?"

நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் அடித்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். பார்மசிஸ்ட் என்று போட்டிருந்தாள். நான் வெள்ளைக் கோட்டு போட்டு அவள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அவள் பிறக்கும் முன்பே அதெல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு நொடிகூட யோசிக்காமல் அதைத்தான் அடித்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் கம்ப்யூட்டர் தப்பு என்றது.

"ஓகே, திங்க் லைக் அப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹோம்மேக்கர் என்று அடித்தாள். அதுவும் தப்பு. "ஹீ யூஸஸ் ஓல்ட் வேர்ட்ஸ்" என்று ஹவுஸ்வைஃப் போட்டாள். திரை சிவப்பாகிவிட்டது. உங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை, கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டப்படுகிறது, அதன்பிறகு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதிலும் தவறினால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று வந்தது. முதல் பாடத்திலிருந்து என்றால் வியாழக்கிழமை போச்சு. வியாழக்கிழமை போனால் ஜனவரி போச்சு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு வீடியோ கால் போட்டேன்.

பெங்களூரில் அப்போது காலை. ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவளோட டிரைவர் கோர்ஸ்ல மதர்ஸ் ஆக்குபேஷன்னு ஒரு கேள்வி இருந்துதே, அதுக்கு என்ன போட்டீங்க?"

மிளகை ஒதுக்கி வைத்தபடி யோசித்தார். "அதுவா? என்.ஏ. போட்டேன்."

"அப்படின்னா?"

"நாட் அப்ளிகபிள்மா. பொருந்தாதுன்னு அர்த்தம். பாக்ஸை காலியா விட்டா சப்மிட் ஆக மாட்டேங்குது. ஏதாவது ஒண்ணு போடணும்ல?"

"ஏதாவது ஒண்ணுன்னா, ஹோம்மேக்கர்னு போட்டிருக்கலாமே?"

"நம்ம விசா ஃபார்ம்லேர்ந்து எல்லாத்துலயும் அப்படித்தானே போட்டுட்டு வர்றோம். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்மா. மாத்தி மாத்திப் போட்டா பிரச்சனை." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், என்ன ஆச்சு?"

என் மகள் போனை வாங்கி, "தட்ஸ் சோ ரூட், அப்பா" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பத்திக்கொண்டு வந்தது. அவர் வேண்டுமென்று செய்திருந்தால்கூட ஒரு மாதிரி சண்டை போட்டிருக்கலாம். என்னைக் கேவலமாக நினைத்து அப்படிப் போடவில்லை. என்னை நினைக்கவே இல்லை, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று மட்டும் நினைத்திருக்கிறார். விசா, கிரீன் கார்டு, பள்ளிக்கூடம், இன்ஷூரன்ஸ், எல்லாவற்றிலும் இத்தனை வருஷமாக நான் இரண்டு எழுத்தாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அன்று கத்தரிக்காயை நான் நறுக்கிய நறுக்கில் அது பொரியலுக்கு ஆகவில்லை, துவையலுக்குத்தான் ஆனது.

மறுநாள் சாயங்காலம் பூட்டு திறந்தது. அதே கேள்வி வந்து நின்றது. அவள் விரலை விசைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"டூ ஐ ஹாவ் டு?"

"போடுடி."

"அம்மா, ஐ டோன்ட் வாண்ட் டு."

"போடுன்னு சொல்றேன்ல. எனக்கு ஜனவரி வேணும்."

ஒற்றை விரலால் அடித்தாள். என். ஏ. பச்சையாக ஒரு டிக் வந்தது. அம்மாவுக்குத் தொழில் எதுவும் பொருந்தாது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டர் அவளை அவள்தான் என்று நம்பியது. மீதிப் பாடத்தை அவள் நகத்தைப் பார்க்காமல் நேராக உட்கார்ந்து படித்து முடித்தாள். சர்டிபிகேட் வந்தது.

புதன்கிழமை என் கணவர் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். மன்னிப்பு கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஏமாந்தேன்.

"வியாழக்கிழமை ரெண்டு மணி அப்பாயின்ட்மென்ட் ராகு காலம்மா. மாத்த முடியுமான்னு பாரு."

நாளெல்லாம் கம்ப்யூட்டருக்கு மூளை வைக்கிற வேலை பார்க்கிறவர் இவர்.

"இந்தியா டைம்க்கு ராகு காலமா, கலிபோர்னியா டைம்க்கா?"

கொஞ்சம் யோசித்தார். "லோக்கல் டைம்தான் எடுத்துக்கணும்."

"அப்ப ராகு வந்து எழுதிட்டுப் போகட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ராகு காலத்திலேயே போனோம். டி.எம்.வி. கவுன்டரில் இருந்த பெண்மணி, மைனர் என்பதால் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு சின்னத் திரையை என் பக்கம் திருப்பினார். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன். இந்தப் பெண் வண்டியோட்டி யாருக்காவது சேதம் விளைவித்தால் அதற்குப் பொறுப்பு நான் என்று எழுதியிருந்தது. அடேயப்பா, கடைசியில் எனக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கட்டம். பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் தேர்வு எழுதுகிற நேரமெல்லாம் நான் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பி.ஃபார்ம். ரிசல்ட்டுக்குக்கூட அப்படித் தவித்ததில்லை. வெளியே வந்தவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, நான் எழுந்து நின்றதும் சிரித்தாள். கையில் மளிகைக் கடை ரசீது மாதிரி ஒரு காகிதம். அதுதான் பர்மிட். "யூ காட் ஜனவரி, அம்மா" என்றாள். எங்கள் வீட்டில் அந்த மாதத்தை ஞாபகம் வைத்திருந்த இன்னொரு ஆள் இவள்தான் என்று அப்போது தெரிந்தது.

பெங்களூரிலிருந்து திரும்பிய என் கணவர் சாக்லேட் கொண்டுவந்தார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே லேப்டாப்பைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். முடிந்துபோன அந்தக் கோர்ஸின் கணக்குக்குள் போய், என்.ஏ. என்றிருந்ததை அழித்துவிட்டுப் பார்மசிஸ்ட் என்று மாற்றியிருந்தார்.

"பாத்தியா, கரெக்ட் பண்ணிட்டேன்."

பரீட்சை முடிந்து பேப்பர் திருத்தி ரிசல்ட்டும் வந்த பிறகு விடையைத் திருத்தி எழுதிவிட்டு இப்படிப் பூரித்து நிற்கிற மனிதரை என்ன செய்வது? "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

பர்மிட் வந்த பிறகு டிரைவிங் ஸ்கூல்காரர் வந்து முதல் வகுப்பு எடுத்தார். அதற்கப்புறம் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வேண்டும். என் கணவர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்வந்தார். பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம் போவதற்குள், "பிரேக்! பிரேக்! நான் சொன்னேன்ல பிரேக்!" என்று கத்தி, தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் சுளுக்கிக்கொண்டார். அவள் ஓரமாக நிறுத்திவிட்டு, "அம்மா ஒன்லி" என்று சொல்லிவிட்டாள். அந்த வேலையும் எனக்கே வந்தது.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபோது எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், கட்டிக்கொண்டேன், கடைசியில் டப்பாவிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்தேன். இந்தச் சீட்டிலிருந்து பார்த்தபோதுதான் எங்கள் ஊரில் இவ்வளவு மரங்கள் இருக்கின்றன என்று தெரிந்தது. ஒவ்வொரு ஸ்டாப் சைனிலும் அவள் வண்டியை அசையாமல் நிறுத்தி, என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்துவாள். திமிர்தான். இருந்தாலும் நன்றாக ஓட்டினாள். டிசம்பர் கடைசியில் ரோடு டெஸ்ட்டில் முதல் தடவையே தேறி லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் வேலையில் சேர்வதற்கு முந்தின நாள், சாப்பாட்டு மேஜையில் என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு என்னமோ பயமா இருக்கும்மா. பதினாறு வயசுப் பொண்ணு, தனியா, மழை வேற. ஒரு வருஷம் போகட்டுமே. அடுத்த வருஷம் சேர்றேன்னு ஹாஸ்பிடல்ல சொல்லிப் பாரேன்."

பயம் எனக்கு இல்லையா? இத்தனை மாதமும் அவள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

"சரி, அப்ப மூணு மணிக்கு நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

"மூணு மணிக்கு மீட்டிங் இருக்கே."

"அதைத் தள்ளி வைங்க."

"அது எப்படிம்மா, டீம் முழுக்க இருக்காங்க, என்னால எப்படி..."

"உங்க மீட்டிங்கை அரை மணி நேரம் தள்ளி வைக்க முடியாது. என் வேலையை மட்டும் ஒரு வருஷம் தள்ளி வைக்கலாமா?"

அவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை, திட்டத்தைச் சொன்னேன். வேன் மகளுக்கு, பள்ளிக்கூடத்துக்கும் மற்ற வகுப்புகளுக்கும். அவருடைய எலெக்ட்ரிக் கார் எனக்கு, ஆஸ்பத்திரிக்கு. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே வண்டிதான். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மனிதருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அப்ப எனக்கு?"

என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாட் அப்ளிகபிள், அப்பா."

சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரசத்தைக் குடித்தார். பிறகு, தன் ஆபீஸ் இருக்கிற சான் ஹோசேவுக்கு இங்கிருந்து ரயில் எத்தனை மணிக்கு என்று போனில் தேடத் தொடங்கினார்.

இப்போது ஆபீஸ் போகிற நாட்களில் காலையில் அவரை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு அவள் பள்ளிக்கூடம் போகிறாள், சாயங்காலம் போய்க் கூட்டிவருகிறாள். பக்கத்து சீட்டில் அவர் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வருகிறாராம். நான் நீல நிற யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் எனக்கு மருந்து அடுக்கக் கற்றுக்கொடுப்பதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். அவன் சொல்வதில் பாதி எனக்கு அவன் பிறப்பதற்கு முன்பே தெரியும். இருக்கட்டும், அவனும் சொல்லிக்கொள்ளட்டும்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள், வார்டுக்குப் போக வேண்டிய மாத்திரைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. என் கணவர்தான். ரயில் வந்து ரொம்ப நேரமாகிவிட்டது, அவளுக்கு நீச்சல் பிராக்டிஸ் முடிய லேட்டாகுமாம், ஸ்டேஷன் பார்க்கிங் லாட்டில் நிற்கிறேன், குளிருகிறது, சாப்பிட எதுவும் இல்லை, இன்னும் எவ்வளவு நேரம் இப்படிச் சும்மா நிற்பது என்று எழுதியிருந்தார்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மாத்திரைகளைப் பார்க்கத் தொடங்கினேன். பதில் போடவில்லை. நான் வேலையில் இருந்தேன்.